விற்ற துணி திரும்பி வந்தால்?

கேள்வி: சென்னிமலையில் எங்கள் வீட்டில் நான்கு கைத்தறி ஓடுகிறது. அக்கம்பக்கத்து விசைத்தறிக்காரர்களிடமும் பெட்சீட், துண்டு வாங்கி விற்கிறோம். மூன்று வருடமாக இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்; ஒரு வருடமாகச் சொந்த வெப்சைட். போன மாதம் புனேயில் ஒருவர் 1,450 ரூபாய்க்கு டபுள் காட் பெட்சீட் வாங்கினார். “படத்தில் அரக்கு, வந்தது செங்கல் நிறம்” என்று திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எங்கள் பக்கத்தில் “நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்” என்றும், பார்சல் பிரிக்கும் வீடியோ கட்டாயம் என்றும் போட்டிருக்கிறோம். அவரிடம் வீடியோ இல்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்கிறார். இதற்கு நடுவில், ஜெர்மனியிலிருந்து வெப்சைட்டில் வாங்கிய ஒரு தமிழ்ப் பெண், “எங்கள் நாட்டில் 14 நாளுக்குள் திருப்பித் தரலாம்” என்று எழுதியிருக்கிறார். மாமனாரோ, “வித்த துணிய வாபஸ் வாங்குனா யாவாரம் எப்படி அம்மிணி நடக்கும்?” என்கிறார். சட்டம் வேறு மாதத்துக்கு ஒன்று மாறுகிறது என்கிறார்கள். எதைப் பிடித்துக்கொள்வது?
– வாசகி, சென்னிமலை

வழக்கறிஞர் பதில்:

உங்கள் மாமனார் கூப்பிடுகிற மாதிரியே நானும் அம்மிணி என்றே கூப்பிடுகிறேன், எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. கடிதத்தில் நீங்கள் கொடுத்திருந்த வெப்சைட்டை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்காததும் கொஞ்சம் இருக்கிறது, அது அப்புறம்.

புனே பெட்சீட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே.

மாமனார் சொல்வது அவர் காலத்து யாவாரத்துக்குச் சரிதான். ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கள் ராத்திரி விடிய விடியத் துணி வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பீஸை விரித்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார்கள். ஓரத்தை எச்சில் தொட்டு நனைத்து, வேட்டியில் அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அத்தனையும் செய்து, விலையும் பேசி வாங்கிப் போனவர் மறுவாரம் வந்து நிறம் சரியில்லை என்றால், வாபஸ் இல்லை என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

புனேக்காரர் எதைத் தொட்டுப் பார்த்தார்? நீங்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்து, செயலியில் கொஞ்சம் மெருகேற்றிப் போட்ட ஒரு படத்தை. அந்தப் படம்தான் அவருக்குத் துணி. தள்ளியிருந்து வாங்குகிறவருக்காக எந்த நாட்டில் எந்தச் சட்டம் வந்தாலும் அதன் வேர் இதுதான். இதைப் பிடித்துக்கொண்டால், விதி எத்தனை முறை மாறினாலும் பாதிக்கு மேல் நீங்களே ஊகித்துவிடலாம்.

நம் நாட்டு நிலவரத்துக்கு வருகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் 2020 ஜூலை 23 அன்று மின்வணிக விதிகள் வந்தன. சொந்த வெப்சைட்டில் விற்கிறவருக்கும் பொருந்தும், பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலோ திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அரக்கு என்று காட்டிவிட்டுச் செங்கல் அனுப்பினால் அது “சொன்ன தன்மை இல்லாதது”. “நிறம் சற்று மாறுபடலாம்” என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். சற்று என்றால் சற்று. அரக்கிலேயே ஒரு சாயல் கூடக்குறைய இருக்கலாம், அரக்கு செங்கலாக முடியாது.

2019 சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. பழுதான பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்கவோ பணம் தரவோ மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லே தராமல் விடுவதும் அதே கணக்குதான். ஆக, “விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது” என்ற வரி நல்ல துணியைக் காப்பாற்றும், ஓட்டைத் துணியைக் காப்பாற்றாது.

நல்ல துணியைக் காப்பாற்றும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. “பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது” என்று திருப்பித் தரும் பொதுவான உரிமை நம் சட்டத்தில் இல்லை. துணியில் குறையில்லை, படமும் பொருளும் ஒன்றாக இருக்கிறது, பணம் கட்டும் முன்பே ரிட்டர்ன் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்றால் மறுக்கலாம். மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

பார்சல் பிரிக்கும் வீடியோவைச் சட்டம் எங்கும் கேட்கவில்லை. துணி கிழிந்து வந்ததா, கத்தி பட்டுக் கிழிந்ததா என்ற தகராறில் அது நல்ல சாட்சி. அதனால் கேட்கலாம், கெஞ்சியும் கேட்கலாம். வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கண்ணுக்கு நேரே தெரிகிற குறையை மறுத்தால், நீங்கள் நுகர்வோர் கோர்ட் என்று சொல்லும் நுகர்வோர் ஆணையத்தின் முன் நிற்காது என்பது என் கருத்து. அதுவும் நிறத் தகராறுக்கு வீடியோ எதற்கு? துணி அவர் கையில்தானே இருக்கிறது.

கோர்ட்டுக்குப் போவேன் என்கிற மிரட்டலையும் லேசாக எடுக்காதீர்கள். வெப்சைட்டின் விதிமுறைப் பக்கத்தில், “எந்த வழக்கும் பெங்களூரு நீதிமன்றங்களின் வரம்புக்கு உட்பட்டது” என்று பார்த்தேன். சென்னிமலைக்கும் பெங்களூருக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே கீழே வந்தால், ஒரு இடத்தில் “எங்கள் மொபைல் உதிரிபாகங்கள்” என்று வருகிறது. வெப்சைட் போட்டுக்கொடுத்த பையன் வேறொரு கடையின் பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறான். பெங்களூரு என்று போட்டாலும் ஈரோடு என்று போட்டாலும் பெரிய பயனில்லை. வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. புனேக்காரர் புனேயிலேயே போடுவார். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கென்று அரசு நடத்தும் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்துவிடலாம்.

மஞ்சள்தூள் அனுப்பும் ஒருவர் என்னிடம் வந்தார். வடக்கிலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது. ஹிந்தியில் இருந்ததால் ஏதோ விளம்பரக் கடுதாசி என்று கல்லாப்பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டார். அது ஆணையத்தின் நோட்டீஸ். பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. இவர் என்னிடம் வரும்போது ஒருதலைப்பட்சமாக உத்தரவே ஆகியிருந்தது. தூளின் விலையைப் போலப் பல மடங்கு நஷ்ட ஈடும் செலவும் சேர்த்துக் கட்டினார். அவர் தூளில் குறை இருந்ததா இல்லையா என்பதை யாரும் பார்க்கவே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

இனி நீங்கள் கேட்காத விஷயம்.

ராத்திரி பத்தரைக்கு உங்கள் வெப்சைட்டைத் திறந்தேன். மேலே சிவப்புப் பட்டையில் “சலுகை முடிய இன்னும் 14 நிமிடம்” என்று கடிகாரம் ஓடியது. காலையில் காபி குடித்துக்கொண்டே மறுபடி திறந்தேன். இன்னும் 14 நிமிடம். சரி என்று ஒரு துண்டைக் கூடையில் போட்டேன். கூடவே 25 ரூபாய்க்கு ஒரு பரிசுப் பை தானாக ஏறி உட்கார்ந்திருந்தது, டிக் அடித்தே இருந்தது. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் கேஷ் ஆன் டெலிவரிக்கு 50 ரூபாய் முளைத்தது. ஆர்டரை ரத்து செய்தால் 100 ரூபாய் பிடிப்போம் என்று இன்னொரு வரி.

இதெல்லாம் உங்கள் மனசில் உதித்தது இல்லை, அந்தப் பையன் வாங்கிய டெம்ப்ளேட்டிலேயே வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் கடை உங்கள் பேரில் இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் “டார்க் பேட்டர்ன்” எனப்படும் திரை ஏமாற்று வேலைகளைத் தடுக்க வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 13 வகை சொல்லியிருக்கிறார்கள். பொய் அவசரம், கூடையில் கேட்காததை நுழைப்பது, விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டவிடுவது என உங்களிடம் மூன்று இருக்கிறது. முன்கூட்டியே டிக் அடித்து ஒப்புதல் வாங்குவது 2020 விதியிலேயே கூடாது. ரத்துக் கட்டணமும் அப்படித்தான். நீங்கள் ரத்து செய்தால் அதே மாதிரி 100 ரூபாயை வாங்குகிறவருக்குத் தருவீர்கள் என்றால்தான் அவரிடம் பிடிக்கலாம். 2025 ஜூனில், மூன்று மாதத்துக்குள் அவரவர் தளத்தை அவரவரே சோதித்துக்கொள்ளும்படி ஆன்லைன் நிறுவனங்களுக்கு அந்த ஆணையம் அறிவுறுத்தியது. உங்கள் கடையில் அந்தச் சோதனைக்கு ஒரு மத்தியானம் போதும். மருமகள் கண்ணால் பார்க்காமல், வாங்க வந்த ஆள் மாதிரி ஒரு ஆர்டரைப் போட்டு, பணம் கட்டும் வரை போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மொத்த விலை என்ன என்று தாளில் எழுதிக்கொண்டே போங்கள். எங்கே எண் மாறுகிறதோ அங்கே பிரச்சினை.

“கைத்தறி” என்ற சொல்தான் எனக்கு அதிகக் கவலை தந்தது. வீட்டில் நான்கு தறி என்கிறீர்கள், மீதி விசைத்தறியிலிருந்து வருகிறது. வெப்சைட்டில் எல்லாப் படத்துக்கும் கீழே “சென்னிமலைக் கைத்தறி”. ஊர் பேருக்கு இருக்கும் மரியாதையில் வாய்தவறி வருவதுதான், நம் பக்கம் பாதிக் கடையில் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் இது தவறான விளம்பரம். முதல் தடவைக்கே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட, மேலே சொன்ன மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பெட்சீட், ஜமுக்காளம், துண்டு போன்றவற்றில் குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 1985-ம் வருடச் சட்டம் தனியாக இருக்கிறது. இரண்டையும் பிரித்துவிடுங்கள். விசைத்தறி என்று எழுதினால் விற்காது என்று பயப்படாதீர்கள். விலை குறைவு, சீராக இருக்கும் என்று அதற்கும் ஆள் உண்டு. வீட்டுத் தறியில் வருவதற்குக் கைத்தறி முத்திரை வாங்கி, தறியில் பாவு ஏறியிருக்கும் படத்தையும் சேர்த்துப் போட்டால் அதற்கு வேண்டிய விலை தானே வரும். அப்புறம் அந்த ஐந்து நட்சத்திர விமர்சனங்கள். அதில் மூன்று பேருக்கு உங்கள் குடும்பப் பேர் இருக்கிறது. விற்கிறவரே வாங்கியவர் மாதிரி எழுதுவதும் விதியில் தடை.

பக்கத்தில் இருக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழிலின் சட்டப்படியான பெயர், முழு முகவரி, மின்னஞ்சல், போன் எண். வெறும் வாட்ஸ்அப் பொத்தான் போதாது. குறைதீர் அலுவலர் என்று ஒருவரின் பெயரும் எண்ணும் வேண்டும், உங்கள் வீட்டுக்காரராகவே இருக்கலாம். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. வரி, கூரியர் எல்லாம் சேர்த்து ஒரே மொத்த விலை, அதன் பிரிவு விவரம், எந்த நாட்டில் உற்பத்தி, ரிட்டர்ன் ஆனால் கூரியர் செலவு யாருடையது. பாக்கெட்டில் அடைத்து விற்பதாக இருந்தால் எடையளவுச் சட்டப்படி அட்டையில் அச்சிடும் விவரங்களைப் படத்தோடும் காட்ட வேண்டும். ஜிஎஸ்டி பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது தமிழ்நாட்டுக்குள் விற்றால்தான். புனேக்கு ஒரு பெட்சீட் போனாலே மாநிலம் தாண்டிய விற்பனை. சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு, விசைத்தறி பெட்சீட்டுக்குக் கிடையாது. நாளைக்கே ஆடிட்டரைப் பாருங்கள்.

இனி ஜெர்மனி.

அந்தப் பெண் சொல்வது சரி. ஐரோப்பாவில் இதற்குத் தொலைவு விற்பனை என்றே பெயர். 1997-ல் வந்த முதல் விதியில் குறைந்தது 7 வேலை நாள் கொடுத்தார்கள். 2014 ஜூன் 13 முதல் அது 14 நாள், பொருள் கைக்கு வந்த தேதியிலிருந்து. காரணமே சொல்ல வேண்டாம். இந்த உரிமை இருக்கிறது என்று விற்கிறவர் முன்கூட்டியே சொல்லாவிட்டால், அந்த 14 நாளோடு இன்னும் 12 மாதம் கூடிவிடும். வேண்டாம் என்று சொன்ன 14 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும், முதலில் அனுப்பிய சாதாரணக் கூரியர் செலவோடு சேர்த்து. பொருளோ, அனுப்பியதற்கான ரசீதோ வரும் வரை பணத்தை நிறுத்திவைக்கலாம். திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவருடையது என்று முன்பே சொல்லியிருந்தால் அவருடையது, சொல்லாவிட்டால் உங்களுடையது. பெயர் நெய்து கொடுத்த துண்டு மாதிரி, அவருக்கென்றே செய்த பொருளுக்கு இது பொருந்தாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் இதே 14 நாளை வைத்திருக்கிறது.

சென்னிமலையில் இருக்கிற நமக்கு ஜெர்மனிச் சட்டம் எப்படி என்று கேட்பீர்கள். சொந்தக்காரப் பையன் ஒருவன் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டு, நீங்கள் ஒரு பெட்சீட் அனுப்பினால் அது வேறு. கடையை அந்த நாட்டுப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. உங்கள் வெப்சைட்டில் “உலகம் முழுவதும் அனுப்புவோம்” என்று டிக் இருக்கிறது. நாடுகளின் பட்டியலில் ஜெர்மனி இருக்கிறது, விலையை யூரோவில் காட்டுகிறது. இதுவும் டெம்ப்ளேட் செய்த வேலைதான், ஆனால் நமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்வது கஷ்டம்.

ரிட்டர்ன் அதில் ஒரு பகுதிதான். 2021 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் சின்னப் பார்சலுக்கும் மதிப்புக்கூட்டு வரி உண்டு, முன்பு 22 யூரோ வரை இருந்த சலுகை போய்விட்டது. 2024 டிசம்பர் 13 முதல், அங்கே நுகர்வோருக்கு விற்கும் பொருளுக்கு ஒன்றியத்துக்குள்ளேயே ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், அவர் பெயர் முகவரி பொருளோடு போக வேண்டும். 2026 ஜூன் 19 முதல், வாங்கியதை ரத்து செய்ய வெப்சைட்டிலேயே ஒரு பொத்தான் வைக்க வேண்டும். பிரிட்டனில் 135 பவுண்டுக்கு உட்பட்ட பார்சலுக்கு விற்கிறவரே அங்கே பதிவு செய்து வரி வசூலித்துக் கட்ட வேண்டும். அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியில்லாமல் போய்க்கொண்டிருந்த சலுகையும் 2025 ஆகஸ்ட் 29-ல் நின்றது.

நான்கு தறி வைத்திருக்கும் வீடு இத்தனையையும் தூக்கிச் சுமக்க வேண்டுமா? என்னைக் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம். நாடுகளின் பட்டியலிலிருந்து ஐரோப்பாவையும் பிரிட்டனையும் இன்றே எடுத்துவிடுங்கள். அங்கே தமிழ்க் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு ஐம்பது, நூறு பீஸாக மொத்தமாக அனுப்பலாம். இறக்குமதி செய்து அங்குள்ளவர்களுக்கு விற்பது அவராக இருந்தால், ரிட்டர்னும் பொறுப்பாளர் முகவரியும் அவர் பாடு. உங்களுக்கு ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். இந்தப் பெண்ணின் விஷயத்தில், உரிமை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டே எழுதுங்கள். திருப்பி அனுப்பும் கூரியர் பெட்சீட் விலையையே தாண்டும். பாதி விலையைத் திருப்பித் தருகிறோம், துணியை வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் இருவருக்கும் லாபம். முடியாது என்றால் முழுப் பணம்தான்.

சட்டம் மாதத்துக்கு ஒன்று மாறுவதில்லை, அம்மிணி. மாறுகிறது என்ற வாட்ஸ்அப் செய்திதான் மாதத்துக்கு நாலு வருகிறது. 2021 ஜூனில் மின்வணிக விதிகளுக்கு ஒரு திருத்த வரைவு வெளியானது. கருத்துக் கேட்பதற்காக வெளியிட்டது. அதைச் சட்டமாகவே நினைத்துக்கொண்டு, தள்ளுபடி விற்பனையே போடக் கூடாதாமே என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. அரசிதழில் வந்ததா, எந்தத் தேதியிலிருந்து அமல் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். ஆடிக்கு ஒரு தடவை, தைக்கு ஒரு தடவை நுகர்வோர் விவகாரத் துறையின் தளத்தைப் பார்த்தால் போதும். விதிமுறைப் பக்கத்தை மாற்றும்போது மேலே தேதி போடுங்கள், பழையதை அழிக்காமல் எடுத்து வையுங்கள். ஒருவர் ஆர்டர் போட்ட அன்று என்ன எழுதியிருந்ததோ அதுதான் அவருக்கும் உங்களுக்கும் பேச்சு. பெங்களூரு மொபைல் உதிரிபாகத்தை எடுத்துவிட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் நீங்களே எழுதுங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

சாயத்துக்கு ஒரு வழி சொல்கிறேன், இது சட்டப் புத்தகத்தில் இல்லை. சாயப்பட்டறையிலிருந்து ஒவ்வொரு லாட்டும் கொஞ்சம் மாறித்தான் வரும், உங்களுக்குத் தெரியாததா. லாட் மாறும்போதெல்லாம் ஒரு கையகலத் துணியை வெட்டித் தேதி எழுதி நோட்டில் ஒட்டுங்கள், படத்தையும் காலை வெயிலில் புதிதாக எடுங்கள்.

புனேக்காரருக்கு இன்றைக்கே எழுதிவிடுங்கள். “உங்கள் புகார் கிடைத்தது, எங்கள் செலவில் கூரியர் ஆள் வந்து எடுத்துக்கொள்வார், துணி வந்ததும் 1,450 ரூபாயும் நீங்கள் கட்டிய அதே கணக்குக்கு வரும்” என்று. கூப்பன் தருகிறோம் என்று எழுத வேண்டாம். பெட்சீட் திரும்பி வந்ததும் வாசல் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, பக்கத்தில் போனில் அந்தப் பழைய படத்தை வைத்து, மாமனாரைக் கூப்பிடுங்கள். அரக்கா செங்கலா என்று அவரே சொல்லட்டும்.